அவசரத் தொடர்பு

ரகசியம் சார் மைக்கைக் கையில் எடுத்தால் சலவை ஆலையில் யாருக்கும் டீ தொண்டையில் இறங்காது. மனிதர் தங்கமானவர்தான். ஆனால் பேச ஆரம்பித்தால், இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகுதான் மூச்சு விடுவார். பணியாளர்களின் சொந்தத் தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்ததும், அதை ஒழுங்காக நிறைவேற்ற ஓர் ஆள் வேண்டுமே என்று நிறுவனம் அவரைப் பிடித்துப் போட்டது. மாடியில் ஒரு கண்ணாடி அறையும் கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள். "உங்க தகவல் உங்க சொத்து. ரகசியம் காக்கப்படும்" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வார். அவருக்குப் பட்டப்பெயர் வைக்க ஆலைப் பெண்கள் ரொம்ப யோசிக்கவில்லை.

சட்டம் வருவதற்கு முன்னால் ஆலை எதைத்தான் கேட்காமல் விட்டது? கைரேகை, முகம், ரத்த வகை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய், வீட்டில் யார் யார், முந்தைய வேலையை ஏன் விட்டாய். பெற்ற தாய்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டாள். வேலை வேண்டுமே என்று எல்லாரும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார்கள். சட்டம் வந்த பிறகும் கேட்பது ஒன்றும் குறைந்துவிடவில்லை. கேட்கும்போது காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ரகசியம் சார் முகமெல்லாம் பூரிப்பாக இருந்தார்.

"ஒரு நல்ல விஷயம். வேலைக்குச் சேரும்போது எல்லாரும் ஒரு அவசரத் தொடர்பு குடுத்தீங்க இல்லையா? ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடறதுக்கு? அந்தப் பேரும் நம்பரும் நம்மகிட்ட இருக்கு. ஆனா அது அவங்களோட தகவல். நாம வச்சிருக்கோம்னு அவங்களுக்குச் சொல்லணும், யார் குடுத்தாங்கன்னும் சொல்லணும். சட்டம். அதனால இன்னைக்குக் காலையில அவங்க எல்லாருக்கும் நம்ம ஆலையில இருந்து மெசேஜ் போயாச்சு. ஒருத்தர்கூட விட்டுப் போகல."

"அவசரத் தொடர்பா?" என்றாள் ஆலைச் செய்தியையெல்லாம் வாயில் வைத்திருக்கும் ரேடியோ அக்கா, டீயை ஊதிக்கொண்டே. "எனக்கு இந்த வயசுல தொடர்பும் இல்ல, அவசரமும் இல்ல சாமி!"

சாப்பாட்டுக் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ரகசியம் சாரும் விஷயம் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் இருந்தது காவல்காரி மட்டும்தான்.

காவல்காரி என்றால் ஏதோ வாசலில் நிற்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளும் மடிப்புப் பகுதியில் வேலை செய்கிறவள்தான். எந்த அறைக்குள் போனாலும் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்காருவாள். இடம் இல்லையென்றால் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றே டீ குடிப்பாள். அதைப் பார்த்துவிட்டு ரேடியோ அக்கா வைத்த பெயர் அது. ஏன் அப்படி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது அந்த ஆலையில் ஒருவகை மரியாதை.

டீ ஆறிப் போய்க்கொண்டிருந்தது. அவள் கொடுத்த நம்பர் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று நடந்தது அது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, உடுத்திய துணியும் ஒரு பையுமாக அவள் இந்த ஊருக்கு வந்து இறங்கிய புதிது. போனை வேண்டுமென்றேதான் கட்டியவன் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் இருந்தால் தேடிப் பிடித்துவிடுவான். ஹெச்.ஆர். மேடம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். "அவசரத் தொடர்பு?" என்றாள். யாரும் இல்லை என்றால் திரை அடுத்த பக்கம் போக மாட்டேன் என்றது. பின்னால் வரிசை நின்றது. "ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்கக்கா, சும்மா ஒரு பேச்சுக்குத்தான்." வாய் தானாகத் திறந்து ஒரு நம்பரைச் சொல்லிவிட்டது. பெயரையும் சொல்லிவிட்டது. உறவு என்ன என்று கேட்டபோதுதான் அவளுக்கு விழிப்பு வந்தது. "தெரிஞ்சவங்க" என்றாள்.

உலகத்திலேயே அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. கட்டியவன் அப்படிப் பழக்கியிருந்தான். "எங்க, சொல்லு" என்பான். சோறு போடும்போது கேட்பான், தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்பான், விருந்தாளிகள் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்பான். "எங்க தொலைஞ்சு போனாலும் என் நம்பர் மட்டும் மறக்கக் கூடாது." ஒரு எண் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அவளுடைய இடது சுண்டுவிரல் இன்றும் கோணலாக இருக்கிறது.

கேட்டைத் தாண்டியபோது செய்த காரியம் உறைத்தது. திரும்பிப் போய் மாற்றலாம். ஆனால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார்களே. யார் கூப்பிடப் போகிறார்கள், கம்ப்யூட்டருக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பாவம், அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணி அடித்ததும் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். அவள் மாடி ஏறினாள்.

கண்ணாடி அறையில் ரகசியம் சாரும் ஹெச்.ஆர். மேடமும் இருந்தார்கள். கீழே வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் உள்ளே யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பளிச்சென்று தெரியும். ரகசியம் பேசுவதற்கென்றே கட்டிய அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி வைத்த புண்ணியவான் யாரோ.

"சார், நான் குடுத்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பாதீங்க."

"அனுப்பியாச்சேம்மா."

"அப்போ அந்த நம்பரை எடுத்துடுங்க. வேண்டாம்."

ரகசியம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீங்க புதுசா ஒருத்தரைச் சேர்த்துக்கலாம், தாராளமா. ஆனா பழையதை உடனே அழிக்க முடியாதும்மா. அது உங்க தகவல் இல்ல, அவரோடது. அவரோட தகவல் எங்ககிட்ட இருக்குன்னு அவருக்குச் சொல்லிட்டோம். அவர் வந்து பார்க்கறதுக்குள்ள நாமளே அழிச்சா மறைச்ச மாதிரி ஆயிடும். அழிக்கணும்னா அவர்தான் கேக்கணும்."

"யாரு அக்கா அவர்?" என்று ஹெச்.ஆர். மேடம் திரையைப் பார்த்தாள். "தெரிஞ்சவர்னு போட்டிருக்கு."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சேரும்போது கட்டியவனை மறைத்துத் தனியாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கொடுத்த தகவல் எல்லாம் உண்மை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். பொய் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழேயிருந்து நாலைந்து முகங்கள் நிமிர்ந்து பார்த்தன.

"தெரிஞ்சவர்தான். இப்போ பழக்கம் இல்ல" என்றாள்.

என்ன அனுப்பினீர்கள் என்று காட்டச் சொன்னாள். ரகசியம் சார் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வாசகத்தை எழுதியது அவர்தான். வணக்கம் சொல்லி ஆரம்பித்திருந்தார். எங்கள் பணியாளர் இன்னார் தங்களை அவசரத் தொடர்பாளராக அளித்திருக்கிறார் என்று அவள் பெயர் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே ஆலையின் முகவரி, மடிப்புப் பகுதி, பகல் ஷிப்ட்.

"இடமும் ஷிப்டும் எதுக்கு சார்?"

"எங்க இருந்து வந்துச்சுன்னு தெளிவா சொல்லணும்ல? ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா அவங்க குழம்பிடக் கூடாது பாருங்க."

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். தங்கள் தகவலில் பிழை இருந்தால் கீழே உள்ள இணைப்பில் திருத்திக்கொள்ளலாம். திருத்தம் என்ற சொல் அவளுக்குப் பழக்கமானது. பெல்ட்டைக் கழற்றும்போது அவன் வேறு எதுவும் சொல்ல மாட்டான். "உன்னைத் திருத்தாம விட மாட்டேன்" என்று மட்டும்தான் சொல்வான், அதையும் கத்தாமல் சொல்வான்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து ஹெச்.ஆர். மேடம் படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள். நல்ல பெண். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவள். போனை எடுத்துக் காட்டி, "பாருங்கக்கா, ரெண்டு டிக் வந்திருக்கு, ஆனா ப்ளூ ஆகல. அவர் இன்னும் பார்க்கவே இல்ல. பார்த்தா உடனே சொல்றேன். ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அந்த "ஒண்ணும் ஆகாது" என்பதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் துணிகளை அடுக்கினாள். தையல் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஓர் அடுப்பு. அவ்வளவுதான் வீடு. மகள் பள்ளி முடிந்து தனியாக வந்து, உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, அம்மா வரும் வரை எழுதிக்கொண்டும் வரைந்துகொண்டும் இருப்பாள். இப்போது பையைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மறுபடியும் ஸ்கூல் மாறணுமாம்மா? என்னை லீடரா போட்டிருக்காங்க."

எங்கே போவது? போகிற ஊரிலும் ஒரு வேலை தேட வேண்டும். அங்கேயும் ஒரு திரை, ஒரு கேள்வி, ஒரு நம்பர். பையை அடுக்கியபடியே கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்கு நடுவே மாடியைப் பார்த்தாள். ஹெச்.ஆர். மேடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள். இன்னும் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளும் அதேதான். ஒருவேளை நம்பரை மாற்றிவிட்டானோ? தேடிச் சலித்து விட்டுவிட்டானோ? செத்துக்கூடப் போயிருக்கலாம் என்று ஒருமுறை நினைத்தாள். நினைத்ததற்குக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. போன் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், வந்த மெசேஜைத் திறக்காமல் மேலாகவே படித்துவிடலாம் என்று. டிக் நிறம் மாறாது. அவளுக்கும் தெரியும்தான். ஆனால் பயந்து கிடக்கிற மனசு தனக்கு வேண்டியதை மட்டும்தான் தெரிந்து வைத்துக்கொள்ளும்.

ரேடியோ அக்காவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. இருவரும் ஜோடியாக வேலை செய்கிறவர்கள். சூடான உருளைகளுக்கு நடுவே போய் வெளியே வரும் ஆஸ்பத்திரி விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். ஒருத்தி கை நடுங்கினால் அது துணி வழியாக மற்றவளுக்குத் தெரிந்துவிடும்.

"யாருடி அவன்?" என்றாள் ரேடியோ அக்கா, முனைகளைச் சேர்க்கும்போது.

"என் புருஷன்."

இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரேடியோ அக்கா மடித்த விரிப்பை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை இழுத்தாள். பிறகு, "இனிமே நீ முன்வாசல் வழியா போகாத. லாரி வர்ற பின்பக்கம் போலாம், நான் கூட வரேன்" என்றாள். ஆலையில் யாருக்குத் தும்மல் வந்தாலும் ஒலிபரப்பிவிடுகிற அந்த அம்மாள், இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

ஆகவே காவல்காரி பின்வாசல் வழியாகப் போனாள். அழுக்குத் துணி மூட்டைகள் வந்து இறங்கும் பக்கம் அது. மருந்து வாடையும் ரத்த வாடையும் கலந்து அடிக்கும். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து நடப்பாள். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். அவள் காவல் காத்ததெல்லாம் தன்னைத்தான். அவன் தன் பின்னால்தான் வருவான் என்று நினைத்துவிட்டாள். பள்ளி விட்டுத் தனியாக நடந்து வரும் மகளின் பின்னால் வரக்கூடும் என்று தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள். "அம்மா, அப்பா இப்போ எங்க இருப்பாரு?"

வந்ததிலிருந்து அந்தக் குழந்தை அப்பா என்ற பேச்சையே எடுத்ததில்லை.

"தெரியலையேடா. ஏன் கேக்கற?"

"சும்மா."

குழந்தை மறுபடி எழுத ஆரம்பித்தாள். காவல்காரி கொஞ்ச நேரம் அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஏக்கம் இருக்கத்தானே செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். துருவித் துருவிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிற்பகல். உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன, ஆவி முகத்தில் அடித்தது. மாடிப்படியில் ஹெச்.ஆர். மேடம் இறங்கி வந்தாள், கையில் டேப்லெட், வாயெல்லாம் பல்.

"அக்கா! உங்க பிரச்சினை தீர்ந்துச்சு!" சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "அவரே லிங்க்ல போய் எல்லாத்தையும் திருத்திட்டாரு!"

காவல்காரியின் கையிலிருந்த முனை நழுவியது. விரிப்பு தரையில் விழுந்தது.

"பாருங்க. உறவு, தெரிந்தவர்னு இருந்ததை எடுத்துட்டுக் கணவர்னு போட்டிருக்காரு. என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா நீங்க! அட்ரஸ் காலியா இருந்துச்சு, அதையும் போட்டுட்டாரு." அவள் உரக்கப் படித்தாள். வீட்டு எண், தையல் கடை மாடி, தெருப் பெயர். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அட, இது உங்க அட்ரஸ்தானே? ஒண்ணாத்தான் இருக்கீங்களா?"

"எப்போ போட்டாரு?"

"இப்போதான். படத்தோட வந்திருக்கு. வேற யாரும் மாத்திடக் கூடாதுன்னு, திருத்தறவங்க அந்த நிமிஷமே படம் எடுத்து அனுப்பணும். சார் போட்ட ரூல்."

காவல்காரி டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அவன் நன்றாகச் சவரம் செய்துகொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்து அளவாகச் சிரித்திருந்தான். அவனுக்குப் பின்னால் அவளுடைய ஜன்னல் இருந்தது. அவளுடைய கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தான். படத்தின் ஓரத்தில், அவன் தோளுக்குப் பக்கத்தில், ரிப்பன் கட்டிய ஒரு பின்னல் தெரிந்தது. பள்ளி விட்டாயிற்று.

அடுத்து அவள் கத்தியதை ஆலை முழுக்கக் கேட்டது. "போலீசுக்குப் போடு! போனைப் போடு!" ஹெச்.ஆர். மேடம் போனை எடுத்தாள். எப்படியோ எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் வைத்தாள். இத்தனை நாள் யாருக்கும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததையெல்லாம் காவல்காரி அத்தனை பேர் நடுவே கொட்டினாள். தன் முழுப் பெயர். அவன் பெயர். மகளின் பெயர், வயது, எந்தப் பள்ளி, எந்த வகுப்பு. எந்தத் தெரு, எந்த மாடி, கதவு எந்தப் பக்கம். விரலை ஒடித்தது. கழுத்தை நெரித்தது. "விட்டுட்டுப் போனா முதல்ல பிள்ளையைத்தான் முடிப்பேன்னு சொன்னான், எழுதிக்குங்க, எழுதிக்குங்க" என்றாள். ரேடியோ அக்கா ஓடிப்போய் உருளையை நிறுத்தினாள். பெண்கள் எல்லாரும் கையில் துணியோடு அப்படியே நின்றார்கள்.

சத்தம் கேட்டு ரகசியம் சார் படியிறங்கி ஓடி வந்தார். பதறிப் போயிருந்தார், பாவம். "மெதுவாம்மா, மெதுவா. குழந்தை பேரு, அட்ரஸ் எல்லாம் இப்படிப் பொது இடத்துல சொல்லக் கூடாது. எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும்" என்றாள் ரேடியோ அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

போனில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார். "சரிம்மா. உள்ள இருக்கற ஆள் இவங்களுக்கு என்ன உறவு?"

ஹெச்.ஆர். மேடத்துக்கு எதையும் திரையைப் பார்த்துச் சொல்லித்தான் பழக்கம். பார்த்தாள், சொன்னாள்.

"கணவர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பேனாவைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டது. "வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்திருக்காரு. இதுக்கா இவ்வளவு சத்தம்? குடும்ப விஷயம்மா இது. பேசித் தீர்த்துக்குங்க. சரி, வண்டி ஏதாவது அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பார்க்கச் சொல்றேன்."

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் காவல்காரி கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.